மடைத்தண்ணீர்

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக் கடைவீதியில் டாக்டர் பூவாத்தாளின் கோபம் பிரசித்தம். மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து நிற்பவனை அவள் திட்டும் திட்டு, எதிர்ச்சாரி சைக்கிள் கடை வரைக்கும் கேட்கும். நாற்பத்தொரு வயது. மதராசில் படித்துவிட்டு வந்து, பன்னிரண்டு வருஷமாக ஒரு பழைய ஜீப்பில் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கிறாள். "அம்மிணி வாயத் தொறந்தா பாதிச் சீக்கு பயந்தே ஓடிப்போயிருமுங்க" என்று ஜீப் ஓட்டும் குப்பண்ணன் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் 1974ஆம் வருஷம் ஆடி மாதத்தில் அவளுக்கு வந்த கோபத்தைப் பார்த்து குப்பண்ணனும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு ஆடி இருபத்து நாலு, வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்றரை மணிக்குக் கரட்டுப்பதி காலனியிலிருந்து ஓர் ஆள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தான்.

"சின்னான் பொண்டாட்டியும் பையனும் வாந்தியா எடுக்கறாங்க. அந்தப் புள்ளைக்குப் பேச்சே நின்னு போச்சுங்க. சீக்கிரம் வாங்க டாக்டரம்மா."

அந்த வாரத்தில் அதே காலனியிலிருந்து அது மூன்றாவது அழைப்பு. செவ்வாய்க்கிழமை ஒரு கிழவர். புதன்கிழமை இரண்டு பெண்கள். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். காலரா என்று சொல்லி ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து காலனிக் கிணற்றில் பிளீச்சிங் பவுடரை மூட்டையோடு கொட்டிவிட்டுப் போயிருந்தார். "இவங்க பழைய சோறு தின்னுண்டு கிடக்கும். காலரா வராம பின்னெ என்ன வரும் டாக்டரே?" என்று வழியில் ஜீப்பை நிறுத்திச் சொல்லவும் செய்தார். பூவாத்தாளும் அதை நம்பினாள். அதனால்தான் சலைன் பாட்டில்களை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

சின்னானின் குடிசை குனிந்து நுழைய வேண்டியது. உள்ளே மண்தரையில் அவன் மனைவி வேலாள் ஒருக்களித்துக் கிடந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். வெளியே மேற்கிலிருந்து சில்லென்று காற்றடித்துக்கொண்டிருக்க, அவள் உடம்பெல்லாம் குளித்து எழுந்ததுபோல வேர்த்திருந்தது. கடைவாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. பக்கத்தில் ஐந்தாறு வயதுப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தான். பூவாத்தாள் நாடியைப் பிடிக்கக் குனிந்தபோது பூண்டு வாடை அடித்தது.

"கஞ்சியில பூண்டு போட்டீங்களா?"

"பூண்டுக்கு எங்கீங்க போறது?" என்றான் சின்னான். "பழைய கஞ்சியும் பச்சமொளகாயுந்தானுங்க."

பூவாத்தாள் வேலாளின் கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். அந்த இருட்டுக்குள் அகலமாக விரிந்திருக்க வேண்டிய கண்மணி, ஊசியால் குத்தின புள்ளிபோலச் சுருங்கிக் கிடந்தது. கன்னத்துச் சதை தன்பாட்டில் துடித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும். நெல்லுக்கு மருந்தடிக்கப் போய், காற்றுக்கு எதிரே நின்று அடித்துவிட்டு வரப்பில் விழும் ஆட்களிடம் வருஷத்துக்கு இரண்டு மூன்று பார்ப்பாள்.

"இவ இன்னிக்கு மருந்தடிச்ச வயலுக்குப் போனாளா?"

"இல்லீங்களே. தெக்கால வயல்ல களையெடுக்கத்தான் போனா. அங்க மருந்தே அடிக்கலீங்க."

"பையன்?"

"அவன் ஊட்டுலயேதானுங்க இருந்தான்."

பையில் பூச்சிமருந்து விஷத்துக்கு முறிவான அட்ரோபின் ஊசி மருந்து ஆறு குப்பிதான் இருந்தது. வேலாளுக்கு இரண்டு, பையனுக்கு அரை. பத்து நிமிஷம் கழித்து மறுபடியும். பையனுக்கு வாய் உலர்ந்தது; தண்ணீர் கேட்டான். சின்னான் ஓடிப்போய் மூலையிலிருந்த பானையில் சொம்பை விட்டான்.

"அதைத் தொடாதே!" என்று பூவாத்தாள் கத்திய கத்தலில் அவன் கையிலிருந்து சொம்பு விழுந்தது. ஏன் கத்தினோம் என்று அந்த நிமிஷம் அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. ஜீப்பில் இருந்த தன் கூஜாத் தண்ணீரை எடுத்துவரச் சொன்னாள்.

வேலாளைக் காப்பாற்ற முடியவில்லை. பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதி வழியில், ஜீப்பின் பின்பக்கம் சின்னானின் மடியில் மூச்சு நின்றது. குப்பண்ணன் வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"வண்டியத் திருப்பட்டுங்களா அம்மிணி?"

"வேண்டாம். நேராப் போங்க. போஸ்ட்மார்ட்டம் பண்ணணும்."

சின்னான் கும்பிட்டான். "அறுக்க வேண்டாமுங்க சாமி. முழுசாக் குடுத்துருங்க. நான் எடுத்துட்டுப் போயிர்றேன்."

"அறுக்காம விட்டா அடுத்த வாரம் இன்னொருத்தியத் தூக்கிட்டு வருவோம்டா. உம் பையன் குடிச்சதும் அதே பானைத் தண்ணிதான்" என்றாள் பூவாத்தாள். அவன் அழுதான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். விஷத்தால் நேர்ந்த மரணம் என்று சந்தேகிப்பதாகத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, பையனையும் அங்கே சேர்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

பூவாத்தாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவசர அழைப்புக்குப் போய்விட்டு வந்தால், சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதி வைப்பாள். எந்த ஊர், எந்த வீடு, எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தபோது என்ன இருந்தது. மறுபடி அதே வீட்டுக்குப் போக வேண்டி வந்தால் உதவும் என்பதற்காக. அந்தத் தாள்களையெல்லாம் வருஷவாரியாகக் கம்பியில் குத்தி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் வாசலில் பத்துப் பதினைந்து பேர் காத்திருக்க, கதவைச் சாத்திக்கொண்டு மூன்று வருஷத்துத் தாள்களைக் கழற்றிப் பரப்பினாள். சளி, பிரசவம், பாம்புக்கடி எல்லாவற்றையும் ஒதுக்கினாள். வாந்தி, வயிற்றுக்கடுப்பு என்று எழுதியதை மட்டும் எடுத்தாள். கரட்டுப்பதித் தாள்கள் இருபத்தொன்று வந்தன. மாசி பங்குனியில் ஒன்றுகூட இல்லை. சித்திரை, வைகாசி, காலரா வருமே என்று பயப்படும் மாதங்கள், அப்போதும் இல்லை. எல்லாம் ஆடிக் கடைசியிலும் கார்த்திகை நடுவிலும் வந்து விழுந்தன. நெல் பொதி கட்டி, உள்ளே கதிர் திரளும் நேரம். மருந்தடிக்கிற நேரம். அழைப்பு வந்த மணியைப் பார்த்தாள். இரண்டு, மூன்று, மூன்றரை, நாலு. மத்தியானத்துக்கு முன்னால் ஒன்றுமே கிடையாது. அதே ஊர் மேலத்தெருவிலிருந்து, அதாவது அவளுடைய சொந்தக்காரர்கள் இருக்கும் தெருவிலிருந்து, மூன்று வருஷமாக ஒரு தாள்கூட இல்லை.

தெருவும் மணியும் பார்த்துப் போகிற காலரா எங்கே இருக்கிறது?

போன கார்த்திகைத் தாள் ஒன்றை எடுத்துப் படித்தபோது அவள் கை நின்றது. 'கரட்டுப்பதி காலனி. ராமாயி மகள் மயிலா, வயது 9. வாந்தி. எச்சில் வழிகிறது. குளிர் காலத்திலும் வேர்வை அதிகம். சலைன் போட்டேன். ஐந்து மணிக்கு இறந்துவிட்டாள்.' எல்லாம் அவள் கையெழுத்து. பார்த்ததையெல்லாம் பார்த்து எழுதியிருக்கிறாள். கண் இமையை மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை. மருந்தடிக்கிற ஆள் இல்லையே, ஒன்பது வயசுப் பெண்தானே என்று இருந்துவிட்டாள். ஒரு குப்பி அட்ரோபின் அன்றைக்கும் பையில் கிடந்தது.

மேஜைமேல் கையை ஓங்கி அறைந்தாள். வாசலில் இருந்த பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது.

காலனிக்குப் போய் முதலில் கேட்ட கேள்வி, தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்பதுதான். ராமாயிதான் பதில் சொன்னாள். மெலிந்த, உயரமான பெண். நாற்று முடியைச் சுமந்து சுமந்து ஒரு பக்கத் தோள் இறங்கியிருக்கும்.

"கெணத்துல ஆடியிலயும் கலங்கலாத்தானுங்க வரும். களையெடுத்துட்டு வர்றப்ப வாய்க்கா மடையில மொண்டுட்டு வந்துருவோமுங்க. இப்பப் பவுடரக் கொட்டிட்டுப் போயிட்டாங்களா, கெணத்துத் தண்ணி வாய்ல வெக்க முடியல. இந்த ரண்டு நாளா எல்லாருமே மடைத்தண்ணிதானுங்க."

காலராவுக்குக் கொட்டிய பவுடர்தான் மிச்சம் இருந்தவர்களையும் மடைக்கு விரட்டியிருக்கிறது. பூவாத்தாளுக்குச் சொல்லாமல் போகக் கூடாது என்று தோன்றியது.

"ராமாயி, உம் புள்ளைக்கு வந்தது வவுத்துக்கடுப்பு இல்ல. வயலுக்கு அடிக்கிற மருந்து தண்ணியில கலந்திருக்குது. நான் அன்னிக்கே கண்டுபிடிச்சிருக்கணும். பிடிக்கல. சலைன் போட்டது தப்பு. வேற ஊசி போட்டிருந்தா ஒருவேளை பொழச்சிருப்பா."

ராமாயி அவளையே பார்த்தாள்.

"அந்த ஊசி உங்ககிட்ட இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

"இருந்துமா போடல?" ராமாயியின் குரல் கிளம்பிய வேகத்தில் அக்கம்பக்கத்துக் குடிசைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். "அம்மா அம்மான்னு உங்க கையப் புடிச்சுட்டுக் கெடந்தாளே! டாக்டரம்மா வந்துட்டாங்க, இனிப் பயமில்லன்னு நாந்தானே சொன்னேன்! என்னத்துக்கு வந்தீங்க அன்னிக்கு? என்னத்துக்குங்க வந்தீங்க?"

குப்பண்ணன் குறுக்கே வரப் பார்த்தார். பூவாத்தாள் அவரைத் தள்ளி நிறுத்தினாள். ராமாயி திட்டித் தீர்த்து, மூச்சு வாங்கி, மண்ணில் உட்காரும் வரைக்கும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

மடை அங்கிருந்து கூப்பிடு தூரம். பெரிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால் பிரியும் இடத்தில் கல்லும் சிமெண்டுமாகக் கட்டி, பலகை போட்டிருந்தார்கள். பூவாத்தாள் போனபோது பதினோரு மணி இருக்கும். மூன்று ஆட்கள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மருந்தடிக்கிற மிஷின்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். காலி மருந்து டின்கள் கரையில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. கழுவின தண்ணீர் வெள்ளையாகச் சுழித்து, பலகைக்கு அடியில் புகுந்து, பத்துப் பதினைந்து கஜம் தள்ளிப் பெண்கள் குடம் மொள்ளும் படிக்கட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிட்டே போனால் பூண்டு வாடை.

"யாரு மிஷினுடா இது?"

மூவரில் மூத்தவனான மாரப்பன் அவளை அடையாளம் கண்டுகொண்டு மேல்துண்டை எடுத்தான். "நம்ம பண்ணாடி மிஷினுங்க. ஊருக்கெல்லாம் நம்ம ஊட்டுலிருந்துதானுங்க வாடகைக்குப் போகுது. மருந்தடிச்சு முடிச்சுட்டு எல்லாரும் இங்க வந்து கழுவிக் குடுத்துருவாங்க."

நம்ம பண்ணாடி, அதாவது பண்ணைக்காரர், என்று அவன் சொன்னது செங்கோட்டையனை. பூவாத்தாளின் கூடப்பிறந்த அண்ணன்.

"இங்க கழுவச் சொன்னது யாரு?"

"பண்ணாடிதானுங்க. தோட்டத்துக் கெணத்துக்கிட்டக் கொண்டுவரக் கூடாதுன்னுட்டாருங்க." மாரப்பன் கொஞ்சம் தயங்கிவிட்டு, சாதாரணமாக ஒன்றைச் சொன்னான். "மாட்டுக்கும் இந்த மடையில தண்ணி காட்டக் கூடாதுன்னு உத்தரவுங்க. மயிலக்காளை செத்ததுலயிருந்து."

"எந்த மயிலக்காளை?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா? ரண்டு வருசத்துக்கு முன்னால, பெரிய மயிலக்காளை இந்த மடையிலதான் தண்ணி குடிச்சுட்டு, கட்டுத்தரை போய்ச் சேர்றதுக்குள்ள நொர தள்ளி விழுந்துருச்சுங்க. பண்ணாடி சோறு திங்கலீங்க அன்னிக்கு. சித்தூர்லயிருந்து மாட்டு டாக்டரக் கூட்டிட்டு வந்து அறுத்துப் பாத்தாங்க. மருந்து கலந்த தண்ணின்னு அவரு சொல்லிட்டுப் போனாருங்க. அதுக்கப்பறம் இங்க ஒரு மாட்டையும் எறக்கறதில்ல."

பூவாத்தாள் படிக்கட்டைப் பார்த்தாள். ஈரக் காலடிகள். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சும்மாடு ஒன்று கிடந்தது.

இரண்டு வருஷம். காளை செத்தது அண்ணனுக்குத் தெரியும். எதனால் செத்தது என்று அறுத்துப் பார்த்தும் தெரிந்துகொண்டான். மாட்டை மட்டும் மடையிலிருந்து விலக்கிக்கொண்டான். அதற்கப்புறம் வந்த அத்தனை தாளும், மயிலாவும், நேற்று ஜீப்பில் மூச்சு நின்ற வேலாளும், அவன் தெரிந்துவைத்துக்கொண்டு பேசாமல் இருந்த இரண்டு வருஷத்துக்குள் அடக்கம்.

"குப்பண்ணா, ஜீப்புல இருக்கற தகரக் கேனை எடுத்துட்டு வாங்க. பெட்ரோல் கேன் இல்ல, புதுசு. இந்தத் தண்ணியில ரொப்புங்க. கை படாம."

செங்கோட்டையன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயது, அகலமான மார்பு. அவன் மனைவி கருப்பாத்தாள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"வா அம்மிணி. விருந்துக்கு வந்த ஒறம்பர மாதிரி வாசல்லயே நிக்கற? ஒரு எலை போடு" என்றான் மனைவியிடம்.

"சாப்பிட வரலீங்ணா. மடையில மிஷின் கழுவறத நிறுத்துங்க. இன்னிக்கே."

"ஏன்?"

"நேத்து சின்னான் பொண்டாட்டி செத்துட்டாங்ணா."

"காலரான்னு சொன்னாங்க."

"காலரா இல்ல. உங்க மருந்து."

செங்கோட்டையன் ஒரு கவளம் சோற்றை நிதானமாக உருட்டி வாயில் போட்டுக்கொண்டான். "ஓடற தண்ணி அம்மிணி. ஓடற தண்ணியில என்ன நிக்கும்? காலனி ஆளுக கண்டதத் தின்னுட்டு வாந்தி எடுத்தா அதுக்கு நானா பொறுப்பு? அப்படியே இருந்தாலும் அவங்களுக்குக் கெணறு இருக்குதுல்ல. அங்க எடுக்கட்டும். மடை எங்க வயலுக்குத் தண்ணி பாயறதுக்குக் கட்டினது, கொடம் மொள்றதுக்கில்ல."

"தண்ணியில ஒண்ணுமில்லன்னுதானே சொல்றீங்க?"

"ஒண்ணுமில்ல."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அப்படித்தானே?"

"எனக்கென்ன தெரியும்? நான் டாக்டரா? வெள்ளாம பண்றவன். உன்ன மதராசுக்கு அனுப்பிப் படிக்க வெச்சது, வந்து எம்மேலயே கேசு சொல்றதுக்கா?"

கருப்பாத்தாள் கையில் கரண்டியோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பூவாத்தாள் வெளியே வந்தாள்.

ஜீப்பின் பின்னாலேயே நடந்து காலனி ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். இருபது முப்பது பேர், வேலிக்கு வெளியே நின்றார்கள். பையனைச் சொந்தக்காரர்களிடம் விட்டுவிட்டு விடியக்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து திரும்பியிருந்த சின்னான், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர்களுக்கு நடுவில் இருந்தான். ராமாயி முன்னால் நின்றாள். மடையில் இருந்த மாரப்பனும் வந்திருந்தான். ஒருவரும் வாசலுக்குள் காலை வைக்கவில்லை.

பூவாத்தாள் ஜீப்பிலிருந்து கேனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நேராகக் கட்டுத்தரைக்குப் போனாள். அங்கே போன தையில் காங்கயத்துப் பக்கம் போய் வாங்கி வந்த புதுக்காளை ஜோடி நின்றிருந்தது. பக்கத்தில் கல்தொட்டி. தொட்டியில் பாதித் தண்ணீர். கேனின் மூடியைத் திருகி எடுத்துத் தரையில் வீசினாள். காளை ஒன்று தாகத்தில் தொட்டியின் பக்கம் மூக்கை நீட்டியது.

சாப்பிட்ட கையோடு வாசலுக்கு வந்த செங்கோட்டையன் கேட்டான். "என்ன பண்றா அவ? என்ன தண்ணி அது?"

"மடைத்தண்ணிங்க" என்றார் குப்பண்ணன்.

பூவாத்தாள் கேனைச் சாய்த்தாள். செங்கோட்டையன் அவ்வளவு கனத்த உடம்போடு அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. ஒரே பாய்ச்சலில் வந்து, சோற்றுக் கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினான்.

"ஊத்தாத! ஊத்தாதடீ! மாடு செத்துப் போயிரும்!"

காளை பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டியதில் கழுத்துமணி ஒலித்தது. செங்கோட்டையன், தான் சொன்னது எத்தனை பேர் காதில் விழுந்தது என்பதை மெதுவாகத் திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

பூவாத்தாள் பிறந்ததிலிருந்து அண்ணனிடம் 'ங்க' போடாமல் பேசியதில்லை.

"இன்னொருக்கா சொல்லு" என்றாள். "அவங்களப் பாத்துச் சொல்லு. மாடு செத்துப் போயிரும்னு உனக்குத் தெரியும். ரண்டு வருசமாத் தெரியும். காளைய அறுத்துப் பாத்து வெச்சிருக்கற. மாட்டை மட்டும் தண்ணிக்கு எறக்காம மேல ஓட்டிட்ட. அங்க கொடத்தோட எறங்கற பொம்பளைகளப் பாத்து, தாயி, இதைக் குடிக்காதீங்கன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உன் வாய்ல என்னடா கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"அம்மிணி, மருவாதையாப் பேசு. ஊரு பாக்குது."

"பாக்கட்டும்! ஒம்பது வயசுப் புள்ள எங்கையப் புடிச்சுட்டுச் செத்தா. நான் முட்டாள், எனக்குத் தெரியல. உனக்குத் தெரியும். நீ சோறு தின்னுட்டுத்தானே இருந்த?"

செங்கோட்டையன் கை ஓங்கினான். கருப்பாத்தாள் குறுக்கே வந்து விழுந்தாள். அதற்குள் சின்னான் வேலியைத் தாண்டி வாசலுக்குள் வந்துவிட்டான். அந்த வாசலில் அவன் அப்பனோ தாத்தனோ அப்படி வந்து நின்றதில்லை. அவனைத் தொடர்ந்து ராமாயி வந்தாள். பிறகு ஒவ்வொருவராக மற்றவர்கள். யாரும் யாரையும் தொடவில்லை. செங்கோட்டையன்தான் ஓர் அடி, இரண்டு அடி என்று பின்வாங்கி, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

திங்கட்கிழமை கரட்டுப்பதியில் ஒரு வயலிலும் ஆள் இறங்கவில்லை. களை மண்டியது. மேலத்தெருப் பண்ணாடிகள் எலப்புள்ளிக்கு வந்து பூவாத்தாளிடம் சண்டை பிடித்தார்கள். "உங்க அண்ணன் தங்கச்சிச் சண்டையில எங்க வெள்ளாம போகுதுங்க" என்றார் ஒருவர். வெளியே போங்கள் என்றாள். பதினொரு நாள் அப்படியே கிடந்தது. பன்னிரண்டாவது நாள் மேலத்தெருக்காரர்கள் இறங்கிவந்து, மிஷின் கழுவுவதற்கு மேட்டுக்காட்டில் குழி வெட்டினார்கள். மடைப் படிக்கட்டைக் காலனிக்காரர்களே கல்லை அடுக்கி அடைத்தார்கள். காலனிக்குப் புதுக் கிணறு தோண்டித் தருவதாகப் பண்ணாடிகள் ஒப்புக்கொண்டு, இழுத்தடித்து, மறு வருஷம் பங்குனியில்தான் தண்ணீர் கண்டார்கள். சின்னானின் பையன் பிழைத்து வந்தான். கொஞ்ச நாள் கை நடுக்கம் இருந்தது; பிறகு சரியாகிவிட்டது.

அந்தக் கார்த்திகையில் மத்தியானம் ஆனால் பூவாத்தாள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். கரட்டுப்பதியிலிருந்து சைக்கிள் வரவில்லை. பிரசவத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டார்கள். ராமாயி அவளிடம் அதற்கப்புறம் பேசவில்லை. காலனிக்குப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பூவாத்தாள் அதைப் பற்றி யாரிடமும் குறை சொல்லவில்லை.

போஸ்ட்மார்ட்டத்தில் பூச்சிமருந்து விஷம் என்று வந்ததால் செங்கோட்டையன்மேல் போலீஸ் போட்ட கேசு இரண்டு வருஷம் நடந்தது. சொந்தக்காரர்கள் தூது வந்தார்கள். அண்ணனைக் கோர்ட்டில் ஏற்றின பெண்ணுக்கு நல்லது கெட்டதில் இடம் கிடையாது என்றார்கள். அவள் சாட்சிக்கூண்டில் ஏறிய அன்று, செங்கோட்டையனின் வக்கீல் எழுந்து கேட்டார்.

"எதிரிக் கூண்டுல நிக்கறவர் உங்களுக்கு யாரு?"

"கூடப்பொறந்த அண்ணன்."

"உங்களுக்குள்ள சொத்துத் தகராறு உண்டா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு அவர்மேல இவ்வளவு கோபம்?"

பூவாத்தாள் அந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்குக் கோபம் வரலியா?" என்று கேட்டாள்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி மாஜிஸ்திரேட் எச்சரித்தார். அவள் கட்டுத்தரையில் நடந்ததைச் சொன்னாள். அண்ணன் கத்தியதை, அவன் கத்திய அதே வார்த்தைகளில், ஒன்று விடாமல் சொன்னாள். மாரப்பனும் குப்பண்ணனும் அதையே சொன்னார்கள். மாட்டு டாக்டர் வந்து, காளையை அறுத்துப் பார்த்ததும் செங்கோட்டையனிடம் காரணத்தைச் சொன்னதும் உண்மை என்றார்.

தண்ணீரைக் கெடுத்ததற்கு அபராதம் என்று தீர்ப்பாயிற்று. வேலாளின் சாவுக்கு அவன்தான் நேர்க் காரணம் என்று சொல்லப் போதுமான சாட்சி இல்லையாம். செங்கோட்டையன் அங்கேயே அபராதத்தைக் கட்டிவிட்டு, வெள்ளை வேட்டி கசங்காமல் வில்வண்டியில் ஏறிப் போனான்.

கோர்ட்டு வாசலில் சின்னான் நின்றிருந்தான். தீர்ப்பு மலையாளத்திலும் இங்கிலீஷிலும் நடந்ததால் அவனுக்கு முழுதாகப் புரியவில்லை. பூவாத்தாள் சொன்னாள்.

"அவ்வளவுதானுங்களா?" என்றான்.

"அவ்வளவுதான்."

"எம் பொண்டாட்டி பேரு அதுல இருக்குதுங்களா?"

"இருக்குது. எதனால செத்தாங்கறதும் இருக்குது."

சின்னான் தலையை நிமிர்த்தி, வில்வண்டி போன திக்கைப் பார்த்துக் காறித் துப்பினான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "ஏய், இவிடெ துப்பாதெ" என்று அதட்டினார்.

"துப்பட்டும்" என்றாள் பூவாத்தாள், அவர் பக்கம் திரும்பி. அந்தக் குரலைக் கேட்ட போலீஸ்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். குப்பண்ணன் ஜீப்பைக் கிளப்பினார். மணி இரண்டே கால். எலப்புள்ளியில் காய்ச்சல்காரர்கள் காத்திருந்தார்கள்.